உணவுப் பள்ளிக்கு எது அடித்தளம்? தொம்மலூரை முன்வைத்து ஒரு பார்வை

உணவைக் கற்பிக்கும் இடம் எதிலிருந்து தொடங்க வேண்டும்? வகுப்பறையிலிருந்தா, தோட்டத்திலிருந்தா, சந்தையிலிருந்தா, அடுப்படியிலிருந்தா? நூறாண்டுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடை தேடிவருகிறார்கள். கல்வியாளர்கள் ஒன்று சொன்னார்கள், கூட்டுறவுக்காரர்கள் வேறொன்று சொன்னார்கள், சமையற்காரர்கள் இன்னொன்றைச் செய்து காட்டினார்கள். பள்ளி, சந்தை, உணவகம், தோட்டம் நான்கையும் ஒரே வளாகத்தில் சேர்த்துவிடலாம் என்ற எண்ணம் இப்போது பல நகரங்களில் வலுத்திருக்கிறது. நெருக்கடி மிகுந்த ஒரு பெங்களூருப் பகுதியில் அப்படி ஒன்றை வடிவமைப்பதானால், இதுவரை கிடைத்த விடைகள் எவ்வளவு தூரம் துணை வரும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்கொண்ட இடம் தொம்மலூர். பழைய விமான நிலையச் சாலையும் உள்வட்டச் சாலையும் சந்திக்கும் இடத்தில் இருப்பது. இங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் இவ்வூர் 'தொம்பலூர்' என்று வருகிறது. இன்று மேம்பாலமும் மென்பொருள் அலுவலகங்களும் ராணுவ நிலங்களும் சூழ, நடுவே பழைய ஊரின் சந்துகள் எஞ்சி நிற்கின்றன. சூழலியல் ஆய்வு நிறுவனமான 'டெரி'யின் தென்மண்டல மையமும், 2019இல் சொந்தக் கட்டடத்துக்கு வந்த பெங்களூரு இன்டர்நேஷனல் சென்டரும் இங்கேதான் இருக்கின்றன. சூழலியலும் உணவும் பேச அரங்குகளுக்குக் குறைவில்லை. குறைவாக இருப்பது மண்.

அந்த மண் எங்கே போனது என்பதற்கு நகரத்தின் வரலாறே சாட்சி. பெங்களூருக்குக் காய்கறி, பழம், பூ விளைவித்துத் தந்தவர்களில் முதன்மையானவர்கள் திகளர். தமிழ் வேர் கொண்ட தோட்டக்காரச் சமூகம் அது. ஏரிக்கரைகளை ஒட்டியே அவர்களுடைய தோட்டங்கள் இருந்தன. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆனது. தர்மாம்புதி ஏரியின் மேல் பேருந்து நிலையம் வந்தது. தொம்மலூரை அடுத்த செல்லகட்டா ஏரி இருந்த இடத்தில் இப்போது கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஏரியோடு தோட்டம் போனது. தோட்டத்தோடு, தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்த படிப்பும் போனது. ஆகவே புதிதாக ஓர் உணவுப் பள்ளி அமைப்பதென்பது இந்நகரில் வெற்றிடத்தில் தொடங்கும் வேலையாகாது.

வகுப்பறையிலிருந்து தொடங்கியவர்கள்

நவீன காலத்தில் முதல் தெளிவான விடை கல்வியாளர்களுடையது. ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய ஆய்வுப் பள்ளியில் பிள்ளைகள் சமைத்தார்கள், தைத்தார்கள், செடி வளர்த்தார்கள். முட்டையை வேகவைக்கும் செய்முறையைச் சும்மா பின்பற்றாமல், எந்த வெப்பத்தில் வெண்கரு எப்படி மாறுகிறது என்று சோதித்துப் பார்க்கவைத்ததை டூயி எடுத்துக்காட்டாகவே எழுதியிருக்கிறார். சமையல் அங்கே அறிவியலுக்குள் நுழையும் வாசல். 1937இல் வார்தா மாநாட்டுக்குப் பின் ஜாகிர் உசேன் குழு வகுத்த, கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வி இதே எண்ணத்தை இந்திய மண்ணில் வேறு விதமாக வளர்த்தது. கைத்தொழிலின் விளைபொருள் ஆசிரியர் சம்பளத்துக்கு உதவ வேண்டும் என்று காந்தி எதிர்பார்த்தார். பள்ளி உற்பத்திக் கூடமாகிவிடும், பிள்ளைகள் கூலியில்லாத் தொழிலாளர் ஆகிவிடுவார்கள் என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது.

அமெரிக்காவின் பெர்க்லியில், ஒரு நடுநிலைப் பள்ளியின் ஒரு ஏக்கர் நிலத்தில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1995இல் தொடங்கிய 'உண்ணத்தகு பள்ளித்தோட்டம்' இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. பிள்ளைகள் தாங்கள் வளர்த்ததைத் தாங்களே சமைத்துச் சேர்ந்து உண்ணும் ஏற்பாடு அது. 2010இல் 'தி அட்லாண்டிக்' இதழில் கேட்லின் ஃபிளனகன் இதைக் கடுமையாக விமர்சித்தார். புலம்பெயர்ந்த விவசாயக் கூலிகளின் பிள்ளைகளை எழுத்தும் கணக்கும் கற்க வேண்டிய நேரத்தில் மறுபடி வயலுக்கு அனுப்புவதா என்பது அவர் கேள்வியின் சாரம்.

இந்தக் கேள்வி தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி கொண்டுவந்த, அரைநாள் பள்ளி, அரைநாள் குடும்பத்தொழில் என்ற திட்டம் 'குலக்கல்வி' என்று எதிர்க்கப்பட்டு, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. உழைப்பைக் கற்பிப்பதில் தவறில்லை. யாருடைய பிள்ளைக்கு அது பாடம், யாருடைய பிள்ளைக்கு அது தலைவிதி என்பதே அன்றைய வாதம். ஃபிளனகனுடையதைவிட இது ஆழமான விமர்சனம் என்று தோன்றுகிறது. ஏனெனில் பாடவேளையைக் கூட்டிக் குறைப்பதால் இதற்கு விடை கிடைக்காது. தொம்மலூரில் மென்பொருள் ஊழியர் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகக் களை பறித்து, அவர் வீட்டில் சமைக்கும் அம்மா அதே வளாகத்தில் பாத்திரம் தேய்த்தால், அந்தப் பள்ளி பழைய பாடத்தையே புதிய கட்டடத்தில் நடத்துகிறது என்று பொருள். எல்லாரும் எல்லா வேலையையும் முறைவைத்துச் செய்வது, சமைக்கத் தெரிந்தவரை ஆசிரியராக அமர்த்தி ஆசிரியருக்குரிய ஊதியம் தருவது, இவ்விரண்டும் இல்லாமல் இத்தகைய பள்ளி நிலைக்காது.

சந்தையை நம்பியவர்கள்

இரண்டாவது விடையை வேளாண் கூட்டுறவு தந்தது. நியாயமான சந்தை இருந்தால் நல்ல விளைச்சலும் நல்ல சாப்பாடும் தானாக வரும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. பெங்களூரில் இதற்கு நீண்ட மரபு உண்டு. 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கமாகத் தொடங்கியதுதான் பின்னர் 'ஹாப்காம்ஸ்' ஆனது. சாலையோரக் கடைகள் வழியே நகரத்துக்கும் விவசாயிக்கும் இடையிலிருந்த தரகர் அடுக்கை அது மெலிய வைத்தது. ஆனால் அந்தக் கடைகள் நின்றது பெரும்பாலும் பொது இடங்களில். சாலை விரிவாக்கமும் மெட்ரோ பணியும் வந்தபோது இடம் பறிபோனது. இணையவழி விற்பனை மறுபக்கம் நெருக்கியது.

தமிழ்நாட்டின் உழவர் சந்தை இன்னும் நுணுக்கமாக வடிவமைக்கப்பட்டது. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தை திறக்கப்பட்டது. விடியுமுன் அலுவலர்கள் மொத்தச் சந்தைக்குப் போய் விலை விசாரித்து வருவார்கள். மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட 15 விழுக்காடு குறைவாகவும் வரும்படி அன்றைய விலையை வகுத்துப் பலகையில் எழுதுவார்கள். அடையாள அட்டை உள்ள விவசாயி மட்டுமே கடை போடலாம். தராசும் இலவசம். கத்தரிக்காய் என்ன விலை என்று யாரும் கத்திக் கேட்க வேண்டியதில்லை. பலகையைப் பார்த்தால் போதும். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் பருவம், வரத்து, விலை ஆகியவற்றை ஒருசேரக் கற்பித்த பலகை அது.

பலவீனம் இரண்டு. ஒன்று, ஆட்சி மாறியதும் சந்தையின் மீதான அக்கறையும் மாறியது. 2001க்குப் பின் தளர்ந்து, 2006க்குப் பின் மீண்டும் எழுந்தது. இரண்டு, சந்தை பொருளை விற்கும், பழக்கத்தை மாற்றாது. நல்ல காய் மலிவாகக் கிடைத்தாலும், சமைக்க நேரமும் இடமும் இல்லாத தனியறைவாசிக்கு அதனால் என்ன பயன்? தொம்மலூரைச் சுற்றிலும் விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

உணவகத்தின் தோளில் ஏற்றிய சுமை

உணவகம் சம்பாதித்துப் பள்ளியை நடத்தட்டும் என்பது மூன்றாவது விடை. காகிதத்தில் இது மிக அழகாக இருக்கும்.

லண்டனில் ஜேமி ஆலிவர் 2002இல் தொடங்கிய 'ஃபிஃப்டீன்', வேலையற்ற இளைஞர்களைச் சமையற்காரர்களாக்கியது. அவர்களில் பலர் தொழிலில் நிலைத்தனர். ஆனால் அவருடைய உணவக நிறுவனம் 2019இல் நொடித்தபோது அதுவும் மூடப்பட்டது. இத்தாலியின் போலோன்யாவில் 2017இல் திறந்த 'ஃபிகோ ஈட்டலி வேர்ல்ட்' இன்னும் பெரிய பாடம். வயல், கால்நடை, சந்தை, பயிற்சிக்கூடம், பல பத்து உணவகங்கள் என்று நம் கேள்வியின் நான்கு உறுப்புகளும் அங்கே இருந்தன. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. பெயரும் வடிவமும் மாறின. அருகில் வாழ்பவர் நித்தம் வந்துபோகக் காரணமில்லாத இடம், எவ்வளவு கல்வி நோக்கம் இருந்தாலும், சுற்றுலாத் தலமாகி, பிறகு வெறுமையாகிவிடும் என்பதற்கு அது சான்று.

நிலைத்தவையும் உண்டு. அயர்லாந்தில் 1983இல் தொடங்கிய பாலிமலோ சமையற்பள்ளி நூறு ஏக்கர் இயற்கைப் பண்ணையின் நடுவே இன்றும் இயங்குகிறது. நமக்கு அருகில், ஆரோவில்லின் 'சாலிட்யூட்' பண்ணை, வயலில் விளைந்ததைக் கொண்டே மதியச் சாப்பாடு போட்டு, அங்கேயே பயிற்சியும் தருகிறது. இவ்விரண்டுக்கும் பொதுவான ஓர் அம்சத்தைப் பெரும்பாலான பாராட்டுரைகள் விட்டுவிடுகின்றன. ஒன்று குடும்பத்தின் சொந்தப் பண்ணை. மற்றொன்று தனியார் வாடகைச் சந்தைக்கு வெளியே இருக்கும் பொது நிலம். மாத வாடகை என்ற கத்தி இரண்டின் தலைக்கு மேலும் தொங்கவில்லை. நகரின் விலையுயர்ந்த பகுதியான தொம்மலூரில் வாடகைக்கு இடம் பிடித்து உணவகம் நடத்தி, அதன் லாபத்தில் பள்ளி நடத்தலாம் என்று கணக்குப் போடுபவர் இந்த வேறுபாட்டை முதலில் எடைபோட வேண்டும். வாடகை ஏற ஏறச் சாப்பாட்டின் விலை ஏறும். விலை ஏற ஏறப் பழைய தொம்மலூரின் சந்துகளில் வாழ்பவர் உள்ளே வரமாட்டார்.

பெண்களின் அடுப்பு: சகீராபாதும் யாழ்ப்பாணமும்

இந்தத் துறையில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மேலை நாட்டு எடுத்துக்காட்டுகளையே சுற்றி வருகின்றன. நம் பக்கத்திலிருக்கும் இரண்டு முயற்சிகள் போதிய கவனம் பெறவில்லை.

தெலங்கானாவின் சகீராபாத் பகுதியில் 1983இல் உருவான தக்காண வளர்ச்சிச் சங்கம், தலித் பெண்களின் கிராமச் சங்கங்களை அடித்தளமாகக் கொண்டது. தரிசாகக் கிடந்த நிலத்தைத் திருத்தி, சோளமும் தினையும் துவரையும் ஒரே வயலில் கலந்து விதைத்தார்கள். விதையை அவர்களே காத்தார்கள். 1990களில் ரேஷன் அரிசிக்கு மாற்றாக ஊரிலேயே விளைந்த சிறுதானியத்தைச் சேமித்து ஏழைகளுக்கு வழங்கும் தானிய நிதியை நடத்தினார்கள். சங்கத்தைச் சுற்றியே மற்றவை வந்தன: 'பச்சசாலெ' என்னும் பள்ளி, விளைபொருளை விற்கும் சங்க அங்காடி, சகீராபாத் ஊரில் சிறுதானியச் சாப்பாடு போடும் 'கஃபே எத்னிக்', பெண்களே நடத்தும் வானொலி. தோட்டம், சந்தை, உணவகம், பள்ளி நான்கும் இங்கே உண்டு. ஒரே மதிலுக்குள் அல்ல. ஊர்களில் பரவி, தேவை எழுந்த வரிசையில் ஒவ்வொன்றாக முளைத்தவை. கட்டட வரைபடத்திலிருந்து தொடங்காமல் பெண்களின் சங்கத்திலிருந்து தொடங்கியதே இதன் வலிமை எனலாம். அதே காரணத்தால் இதை அப்படியே பெயர்த்து நகரத்தில் நட முடியாது.

நகரத்துக்குப் பொருந்துவது யாழ்ப்பாணத்து எடுத்துக்காட்டு. இலங்கை விவசாயத் திணைக்களம் பெண் விவசாயிகளுக்காகத் தொடங்கிய 'ஹெல போஜுன்' உணவுக்கூடங்கள் வடமாகாணத்துக்கு வந்தபோது 'அம்மாச்சி உணவகம்' ஆயின. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருப்பது இவற்றில் நன்கு அறியப்பட்டது. நீண்ட கூடம். வரிசையாக அடுப்புகள். ஒவ்வொரு அடுப்புக்குப் பின்னும் ஒரு பெண். ஒருவர் தோசை, ஒருவர் குரக்கன் பிட்டு, ஒருவர் கஞ்சி. சமைப்பது எல்லாம் வாங்குபவரின் கண் முன்னால். கட்டடமும் பயிற்சியும் அரசினுடையவை, வருமானம் சமைத்தவருக்கு.

இதைச் சென்னையில் 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தோடும், பெங்களூரில் 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா கேன்டீனோடும் ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய்ச் சிற்றுண்டியும் எத்தனையோ பேரின் பசியைத் தீர்த்தன. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் அம்மா உணவகத்துப் பெண்கள் நாட்கூலிக்குச் சமைப்பவர்கள். பட்டியலும் விலையும் மேலிருந்து வருபவை. இந்திரா கேன்டீனில் மையச் சமையற்கூடத்தில் சமைத்து எடுத்துவந்து பரிமாறும் முறை. உண்பவர் சமைப்பவரைப் பார்ப்பதே இல்லை. அம்மாச்சியில் மட்டும் கைப்பக்குவம், கல்லாப்பெட்டி இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. கற்றல் நடப்பதற்கு அது தோதான அமைப்பு என்பது என் மதிப்பீடு. அதன் குறையும் சொல்லப்பட வேண்டும். திணைக்களத்தின் தயவு நீங்கினால் கட்டடம் நீங்கும். எவருக்கு அடுப்பு ஒதுக்குவது என்பதும் எந்த ஊரிலும் பூசலுக்கு இடம் தரக்கூடியது.

தோட்டம் எதற்கு?

உணவுப் பள்ளித் திட்டங்களில் மிகுதியாகப் படம் பிடிக்கப்படுவது தோட்டம். மிகக் குறைவாகக் கணக்குப் போடப்படுவதும் அதுதான்.

நாளொன்றுக்கு 200 பேருக்கு மதியச் சாப்பாடு, ஆளுக்கு 150 கிராம் காய்கறி என்று வைப்போம். நாளுக்கு 30 கிலோ. ஆண்டில் 300 நாளுக்கு 9,000 கிலோ. இந்தியாவின் சராசரிக் காய்கறி விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 18 டன். அப்படியானால் 5,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றேகால் ஏக்கர் வேண்டும். தொம்மலூரில் 1,000 சதுர மீட்டர் பாத்தி கிடைத்தாலே பெரிய காரியம். அது தேவையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் நிறைவேற்றும். நேர்த்தியாகப் பயிரிட்டால் விளைச்சல் கூடலாம். ஆனாலும் தோட்டம் உணவகத்தை நிரப்பும் என்பது எட்டாத ஆசை.

அடுத்தது தண்ணீர். 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாட்டின்போது பெங்களூரு குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றுவதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. எனவே காவிரி நீரை நம்பிப் பாத்தி போட முடியாது. நகரின் ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 500 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 3,88,000 லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் பாத்திக்குக் கோடையில் நாளொன்றுக்கு நாலாயிரம் ஐயாயிரம் லிட்டர் தேவைப்படும். பிடித்த மழை முழுவதும் ஏறத்தாழ மூன்று மாதத்துக்குத்தான் போதும். மிச்சத்துக்கு அரிசி கழுவிய நீரும் காய் கழுவிய நீரும் கைகொடுக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும் தொட்டி, நாணல் படுகை ஆகியவற்றுக்கு வரைபடத்தில் முதலிலேயே இடம் விட்டாக வேண்டும்.

மண்ணும் ஐயத்துக்குரியது. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000இல்தான் முற்றாக நின்றது. சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எளிதில் போகாது. தொம்மலூர் இருக்கும் பள்ளத்தாக்கின் கீழே உள்ள பெல்லந்தூர் ஏரியின் கழிவுநீரும், அந்நீர் பாயும் கீரைப்பாத்திகளும் ஏற்கெனவே அச்சம் தந்தவை. சோதனை செய்யாத மண்ணில் விளைந்த கீரையைப் பிள்ளைகளுக்குத் தரக் கூடாது. மேடைப்பாத்தியும், தொட்டிகளும், மொட்டைமாடியும் பாதுகாப்பானவை. மாடித்தோட்டத்தில் பெங்களூருக்குப் பட்டறிவு உண்டு. பி.என். விஸ்வநாத் 1990கள் முதல் பலரைப் பயிற்றுவித்தார். 2011 முதல் நடக்கும் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' கூடுகைகளில் விதையும் உரமும் கைமாறுகின்றன.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், தோட்டத்தின் வேலை கற்பிப்பது. விளைவித்துக் குவிப்பது கோலார், ஓசூர்ப் பக்கத்து விவசாயிகளின் வேலை. விதை முளைப்பதையும் பூச்சி அரிப்பதையும் பார்த்தவர் சந்தையில் பேரம் பேசும் விதம் மாறும் என்ற அளவில் தோட்டத்துக்கு மதிப்பு உண்டு. மிகுதியாக எதிர்பார்த்தவர்கள் இடறியிருக்கிறார்கள். மில்வாக்கியில் வில் ஆலன் 1993இல் தொடங்கிய நகரப் பண்ணை அமைப்பான 'குரோயிங் பவர்' உலகப் புகழ் பெற்றும் 2017இல் கடனில் கலைந்தது.

ஒரே பந்தி

மேலை நாட்டு ஆய்வுகள் பெரிதாகப் பேசாத ஒன்றை நாம் தள்ளிவிட முடியாது. 1920களின் நடுவே வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துத் தனிப்பந்தி வைத்தது தமிழக அரசியலையே திருப்பியது. கர்நாடகத்தில் 2021இல் பள்ளிகளில் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் வெளிப்படையாக எதிர்த்தனர். 'சமுதாய' என்ற அடைமொழியோடு வரும் உணவுப் பள்ளி, மீனும் முட்டையும் கருவாடும் தன் அடுப்பில் ஏறுமா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். யாரும் மனம் நோகக் கூடாது என்று சைவத்தை மட்டும் வைத்துக்கொள்வது பக்கச்சார்பற்ற முடிவாகத் தெரியலாம். பழைய தொம்மலூரின் வீடுகள் பலவற்றின் சாப்பாட்டை அது பாடத்திலிருந்தே விலக்கிவிடும். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், பொதுக் கூடம் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரலாம். ஒரே பந்தி என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை.

முடிவாகாதவை

தோட்டத்திலும் அடுப்படியிலும் கற்ற பிள்ளை பெரியவனானபின் எப்படிச் சாப்பிடுகிறான் என்பதற்கு நீண்டகாலச் சான்று மெலிவாகவே இருக்கிறது. பள்ளித்தோட்ட ஆய்வுகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் முடிந்துவிடுபவை. பெரியவர்களுக்கான உணவுக் கல்வி பற்றி, அதிலும் விடுதிவாசிகள், வீட்டு வேலை செய்பவர்கள், உணவு விநியோகிக்கும் இளைஞர்கள் ஆகியோர் பற்றி, இந்திய நகரங்களில் இன்னும் கூடுதலான ஆய்வு வேண்டும். அடுப்புகளைச் சுழற்சி முறையில் ஒதுக்குவதா, நிலையாகத் தருவதா என்பதற்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் விடை இல்லை.

ஓரளவு தெளிவாகியிருப்பது வேறொன்று. வகுப்பறையா சந்தையா என்ற வாதத்தைவிட, நிலம் யாருடையது, கல்லாப்பெட்டி யாரிடம் என்ற இரண்டும்தான் பெரும்பாலான முயற்சிகளின் ஆயுளைத் தீர்மானித்திருக்கின்றன. பாலிமலோ, ஆரோவில், சகீராபாத், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி எல்லாம் வாடகைச் சந்தைக்கு வெளியே நின்றவை. ஹாப்காம்ஸ் கடைகள் தளர்ந்ததில் இடம் பறிபோனதற்கும் பங்குண்டு. 2025இல் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபின் பொது நிலங்களின் பொறுப்பு புதிய கைகளுக்குப் போயிருக்கிறது. தொம்மலூரில் இப்பள்ளியை விரும்புவோர் முதலில் போய் நிற்க வேண்டியது அந்தப் புதிய மாநகராட்சியின் வாசலில். முப்பதாண்டுக் குத்தகையும், அடுப்புகளில் பாதிக்குக் குறையாமல் உள்ளூர்ப் பெண்களுக்கு என்ற எழுத்துமூல உறுதியும் கிடைக்கும்வரை கட்டட வரைபடத்துக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது.